கொடி பறக்கும் தெருவிலிருந்து 11 ஸ்டேஷன் தள்ளி

இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்னபோது எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது, ஓட்டத் தெரிந்த ஆளும் ஒருவர்தான். அந்த ஆள் நான். என் துணைவனுக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. டெக்சாஸில் ஒரு பெரிய நகரத்தின் விளிம்பில் குடியிருக்கிறோம். பால் வாங்க ஆறு தடச் சாலையைக் கடக்க வேண்டும். சிக்னல் இருப்பது முக்கால் கிலோமீட்டர் தள்ளி. நடைபாதை பாதி வழியில் புல்லுக்குள் போய் மறைந்துவிடும். அங்கே ஒருவன் நடந்து போனால் வண்டி பழுதா, உதவி வேண்டுமா என்று காரை நிறுத்திக் கேட்பார்கள். நல்ல மனிதர்கள்தான்.

இருவருக்குமே வீட்டிலிருந்து செய்யும் வேலை. அதனால் எந்த ஊருக்கும் போகலாம், அதுவே தலைவலி ஆகிவிட்டது. எங்களுக்கு வேண்டியவை மூன்று. கார் இல்லாமல் வாழ முடிய வேண்டும். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதை அக்கம்பக்கத்தார் ஒரு பொருட்டாக நினைக்கக் கூடாது. வாடகை கையைக் கடிக்கக் கூடாது. இதில் எந்த இரண்டைப் பிடித்தாலும் மூன்றாவது நழுவிவிடும் என்பது தேட ஆரம்பித்த வாரமே புரிந்துபோனது. ஆறு மாதம் தேடினோம், நான்கு ஊர்களுக்கு நேரிலேயே போய் வந்தோம். எங்களைப் போலவே தேடுகிற இன்னொருவருக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பணம், ஏனென்றால் முதல் தப்பை அங்கேதான் செய்தோம். வாடகையை வாடகையோடு மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். இப்போதைய வீட்டுக்கு 1,250 டாலர். அதைவிட 200 கூடினாலே விளம்பரத்தை மூடிவிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் உட்கார்ந்து கார் செலவை வரிசையாக எழுதினான்: இன்ஷூரன்ஸ், பெட்ரோல், டயர், சுங்கச்சாலை, பதிவுக் கட்டணம், போன வருடம் மாற்றிய ஏ.சி. கம்ப்ரசர். எட்டு வயதான கார், கடன் பாக்கிகூட இல்லை. அப்படியும் மாதம் 540 டாலர் வந்தது. புது கார் என்றால் கேட்கவே வேண்டாம். ஏஏஏ என்ற கார் ஓட்டுநர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தேய்மானமும் சேர்த்து ஒரு புது காருக்கு வருடத்துக்கு 12,297 டாலர் ஆகிறது. "நாம ஒரு பெட்ரூமைக் கொண்டுபோய் கராஜ்ல நிறுத்தி வெச்சிருக்கோம்டா" என்றான்.

சிகாகோவைச் சேர்ந்த சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு இதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் ஓர் இடம் கட்டுப்படியாகும் என்பது அதன் கணக்கு. அந்தக் கண்ணால் பார்த்தால் எங்கள் மலிவு வீட்டின் உண்மையான மாத விலை 1,790 டாலர். இரண்டு பயண அட்டைக்கு 200 டாலர் ஒதுக்கினாலும் வேறு ஊரில் 1,590 வரை வாடகை கொடுக்கலாம். இப்படிக் கணக்குப் போட்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து சுமார் 70,000 டாலர். உதாரணத்துக்கு, சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தின் 4.95 சதவீத வரியைப் போட்டால் வருடத்துக்கு 3,465, மாதத்துக்குக் கிட்டத்தட்ட 290. ஆக 1,300 டாலர் வாடகை வரை இப்போதைய செலவேதான். அதற்கு மேல் கொடுப்பது தெரிந்தே கொடுக்கும் விலை. 1,450-க்கு மேல் தாண்டுவதில்லை என்று ஒரு கோடு போட்டோம். கார் இல்லாவிட்டால் பணம் கொட்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் இந்த வரிக் கணக்கைச் சொல்வதில்லை.

அடுத்தது இணக்கம். கே மக்களுக்கு உகந்த ஊர்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் பார்களின் எண்ணிக்கையையும் பிரைட் ஊர்வலத்தின் நீளத்தையும் பார்ப்பார்கள். எங்களுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது; பாருக்கு மாதம் ஒரு தடவை போனாலே பெரிய விஷயம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காய்கறிப் பையோடு நடந்து வரும்போது அவன் என் தோளில் கை போட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? எங்கள் அளவுகோல் அவ்வளவுதான். வீடு பார்க்கப் போன ஓர் ஊரில், ஊர் பெயர் வேண்டாம், காட்ட வந்த ஏஜென்ட் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்படியென்றால் இரண்டு பெட்ரூம் வீடாகக் காட்டட்டுமா?" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு பெட்ரூம் வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் மாநிலச் சட்டம் வேண்டியிருக்கிறது. நாடு முழுக்க ஒருபால் திருமணம் 2015 முதல் செல்லும். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் போஸ்டாக் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் அது வேலை பற்றிய தீர்ப்பு. வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுக்கும் 1968-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் பாலின ஈர்ப்பு என்ற சொல்லே கிடையாது. வாஷிங்டனில் ஆட்சி மாறும்போதெல்லாம் அதற்குப் பொருள் சொல்வதும் மாறுகிறது. ஆகவே மாநிலச் சட்டத்தில் அந்தச் சொல் எழுத்தாகவே இருக்கிறதா என்று பார்த்தோம்.

பக்கத்திலேயே இருக்கும் டாலஸின் ஓக் லானையும் ஹூஸ்டனின் மான்ட்ரோஸையும் விட்டதற்குக் காரணம் இதுதான். இரண்டுமே பல பத்தாண்டுகளாகக் கே மக்கள் வாழ்ந்து வளர்த்த பேட்டைகள். டாலஸில் 2002 முதல் நகராட்சிச் சட்டமே பாதுகாப்பு தருகிறது. ஆனால் மாநில அளவில் சட்டம் இல்லை. ஹூஸ்டனில் நகர மன்றம் கொண்டுவந்த சம உரிமைச் சட்டத்தை 2015-இல் வாக்காளர்கள் வாக்குப் போட்டே தூக்கினார்கள். மான்ட்ரோஸில் சாலைச் சந்திப்பில் இருந்த வானவில் கோடுகளும் 2025 அக்டோபரில் மாநில அரசின் நெருக்குதலால் அகற்றப்பட்டன. பெயிண்ட் போனால் போகட்டும், வாழ்க்கை ஓடும். ஆனால் பேட்டை ஒரு பக்கம் இழுக்க, மாநிலம் இன்னொரு பக்கம் இழுக்கும் இடத்தில் லீஸ் போட மனம் வரவில்லை. தவிர, கார் இல்லாமல் ஹூஸ்டன் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது தனி தண்டனை.

புகழ்பெற்ற கே பேட்டைகளான சான் ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ, சியாட்டிலின் கேபிடல் ஹில் இரண்டையும் மரியாதைக்குத்தான் பார்த்தோம். கேபிடல் ஹில்லில் 2016 முதல் பேட்டைக்கு நடுவிலேயே ரயில் ஸ்டேஷன் இருக்கிறது, எங்கள் சம்பளத்துக்கு அங்கே மாநில வருமான வரியும் இல்லை. வாடகைதான் மலைமேலிருந்து இறங்கி வர மறுத்தது.

ஜாக்சன் ஹைட்ஸ், நியூயார்க்

பார்த்தவற்றில் மனம் அதிகமாக ஒட்டியது இங்கேதான். குவீன்ஸ் பகுதியில் இருக்கும் இந்தப் பேட்டைக்கு ஒரே ஸ்டேஷனில் 7, ஈ, எஃப், எம், ஆர் என்று ஐந்து ரயில்கள் வருகின்றன. நியூயார்க் சுரங்க ரயில் 24 மணி நேரமும் ஓடும் என்பதைக் காரில்லாதவர்தான் உணர முடியும். கடைசி வண்டி எப்போது என்று ஒரு தடவைகூட நாங்கள் கடிகாரம் பார்க்கவில்லை. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் காருக்கு அடைத்த 34-ஆம் அவென்யூவில் 26 தெருக்களின் நீளத்துக்கு இப்போதும் பகலெல்லாம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், தாத்தாக்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பேட்டையின் இணக்கம் சும்மா வந்ததல்ல. ஜூலியோ ரிவேரா என்ற கே இளைஞர் 1990-இல் இங்கே ஒரு பள்ளி மைதானத்தில் அடித்தும் குத்தியும் கொல்லப்பட்டார். அந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான் 1993-இல் தொடங்கிய குவீன்ஸ் பிரைட் ஊர்வலம். 78-ஆம் தெருவும் 37-ஆம் அவென்யூவும் சேரும் மூலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ரூஸ்வெல்ட் அவென்யூவில், தலைக்கு மேல் 7-ஆம் எண் ரயில் தடதடக்க, லத்தீன் அமெரிக்க கே பார்கள் வரிசையாக இருக்கின்றன.

அங்கிருந்து சில நிமிட நடையில் 74-ஆம் தெரு: புடவைக் கடை, நகைக் கடை, கறிவேப்பிலை, முருங்கைக்காய். எங்களுக்கு வேண்டிய இரண்டு உலகமும் ஒரே பேட்டையில். ஆனால் ஒரே தெருவில் அல்ல. 37-ஆம் அவென்யூவில் கை கோத்து நடந்து வந்த நாங்கள் 74-ஆம் தெரு திரும்பியதும் கையை விட்டுவிட்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, முறைக்கவும் இல்லை. நகைக் கடை வாசலில் நின்ற ஓர் ஆன்ட்டியைப் பார்த்ததும் கை தானாகப் பிரிந்தது. "யாரு முதல்ல விட்டது?" என்று ரயிலில் அவன் கேட்டான். இருவருக்கும் நினைவில்லை. 1990-களில் நியூயார்க்கின் இந்தியா தின ஊர்வலத்தில் நடக்க சால்கா என்ற தெற்காசியக் கே, லெஸ்பியன் அமைப்புக்கு அனுமதி மறுத்தார்கள். காலம் மாறியிருக்கிறது, கைக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. ஊர்க் கடை பக்கத்தில் வேண்டும், ஊர்க் கண் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். இப்படி ஒரு நிபந்தனை எங்களுக்கு இருக்கிறது என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

சட்டத்தில் குறையில்லை, நகரத்தில் 1986 முதலும் மாநிலத்தில் 2003 முதலும் எழுத்தில் இருக்கிறது. தோற்றது பணத்தில். நாங்கள் பார்த்த ஒரு பெட்ரூம் வீடுகள் 2,300-க்குக் குறையவில்லை. அங்கே மாத வாடகையின் 40 மடங்கு ஆண்டு வருமானம் இருக்கிறதா என்று வீட்டுக்காரர்கள் பார்ப்பது வழக்கம். 2,400 டாலர் வீட்டுக்கு 96,000 காட்ட வேண்டும். எங்களிடம் இருப்பது 70,000. மாநில வரிக்கு மேல் நகர வருமான வரி வேறு. 2025 ஜூன் முதல் புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவரே கட்டணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதால் முன்செலவு குறையும், அது நல்ல சேதி. மாத வாடகைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. வருமானம் ஒரு லட்சத்தைத் தொடுகிற இருவர் என்றால் இதற்கு மேல் படிக்காமல் இங்கேயே வீடு பார்க்கலாம்.

ஃபிலடெல்ஃபியா

நடப்பதற்கென்றே அளந்து கட்டிய ஊர். 1682-இல் வில்லியம் பென் காலத்தில் போட்ட கட்டம் கட்டமான தெருக்கள் அப்படியே இருக்கின்றன; ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆறு வரை நடு ஊரை 45 நிமிடத்தில் நடந்தே கடந்துவிட்டோம். கேபர்ஹுட் என்று அழைக்கப்படும் பேட்டை நட்டநடுவில், வாஷிங்டன் ஸ்கொயர் வெஸ்ட் பகுதியில். 2007 முதல் அங்கே தெருப் பெயர்ப் பலகைகளிலேயே வானவில் உண்டு. கே உரிமை இயக்கத்தின் திருப்புமுனையான 1969 நியூயார்க் ஸ்டோன்வால் கலவரத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1965 முதல் ஒவ்வொரு ஜூலை 4-ஆம் தேதியும், கோட்டும் டையும் அணிந்த ஆண்களும் பாவாடை அணிந்த பெண்களும் சுதந்திர மண்டபத்தின் முன் பதாகை பிடித்து நின்றது இந்த ஊரில்தான். வானவில் கொடியில் கறுப்பு, பழுப்புப் பட்டைகளைச் சேர்த்து 2017-இல் ஏற்றியதும் இங்கேதான். பழுப்புத் தோல்காரர்களான எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

கேபர்ஹுட்டில் ஒரு பெட்ரூம் 1,800-ஐ ஒட்டி வந்தது, எங்கள் கோட்டுக்கு வெளியே. ஆற்றுக்கு மேற்கே வெஸ்ட் ஃபிலடெல்ஃபியாவில், பால்டிமோர் அவென்யூ டிராம் பாதையை ஒட்டி, 1,250 முதல் 1,450 வரை கிடைத்தது. திண்ணை வைத்த மூன்று மாடிப் பழைய வீடுகள், பெரிய மரங்கள், சனிக்கிழமை கிளார்க் பார்க்கில் காய்கறிச் சந்தை. திண்ணையில் வானவில் கொடி தொங்கும் வீடுகளை எண்ண ஆரம்பித்து இருபதோடு நிறுத்திக்கொண்டோம். இங்கே இருப்பது மாணவர்கள், கலைஞர்கள், திருநர்கள், பல தலைமுறைக் கறுப்பினக் குடும்பங்கள் எல்லாம் கலந்த கூட்டம். பார் இல்லை, அதனால் சத்தமும் இல்லை.

அப்படியென்றால் ஏன் இங்கே வரவில்லை? மூன்று சின்னக் காரணங்கள் சேர்ந்துகொண்டன. முதலாவது வரி. மாநில வருமான வரி 3.07 சதவீதம்தான், ஆனால் நகரம் சம்பள வரி என்று சுமார் 3.75 சதவீதம் தனியாக எடுக்கிறது. கூட்டினால் எங்கள் வருமானத்துக்கு இல்லினாய்ஸைவிட வருடம் 1,300 டாலர் அதிகம், அதாவது மாத வாடகையில் 110 கூட்டிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் இந்த 110 தெரியாது.

இரண்டாவது, போக்குவரத்து நிறுவனத்தின் கஜானா. 2025 ஆகஸ்டில் பண நெருக்கடியில் செப்டா பஸ் தடங்களைக் குறைத்தது, நீதிமன்றம் தலையிட்ட பிறகு திரும்பக் கொண்டுவந்தது, கட்டணத்தை ஏற்றியது. அதே ஆண்டுக் கடைசியில் டிராம் சுரங்கத்தைப் பழுதுபார்க்கப் பல வாரம் மூடினார்கள். கார் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் செய்தி. நமக்கு வீட்டு வாசலையே அடைத்த மாதிரி. சிகாகோவும் அந்த ஆண்டு இதே பள்ளத்தின் விளிம்பு வரை போனது. அங்கே அக்டோபர் கடைசியில் சட்டமன்றம் நிதி ஒதுக்கி இழுத்துப் பிடித்தது. குடிபோகும் முன்பு அந்த ஊர் ரயில் நிறுவனத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று பார்ப்பதும் வீட்டின் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பதும் ஒன்றுதான். முன்பு இதை நான் யோசித்ததே இல்லை.

மூன்றாவது சட்டம். நகரத்தில் 1982 முதல் பாதுகாப்பு உண்டு, மாநிலச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. 2023-இல் ஆணையம் ஒன்று வெளியிட்ட விதிமுறை அதை நிரப்புகிறது. போதும்தான். ஆனால் சட்டமும் விதிமுறையும் ஒன்றல்ல.

எங்களுக்கு இரண்டாம் இடம் இதற்குத்தான். பனி பிடிக்காதவர்களுக்கு இதுவே முதலாவதாக இருக்கும்.

பால்டிமோரின் மவுன்ட் வெர்னன்

வாடகையில் இதை யாரும் அடிக்க முடியாது. 1829-இல் முடித்த வாஷிங்டன் தூணைச் சுற்றிப் பழைய மாளிகைகள், அவற்றைப் பிரித்துப் போட்ட வீடுகள், 1,150 டாலருக்கு உயரமான ஜன்னல்களோடு ஒரு பெட்ரூம். சர்குலேட்டர் பஸ் இலவசம். பென் ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம், அங்கிருந்து மார்க் ரயிலில் வாஷிங்டன் ஒரு மணி நேரம். பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் சட்டம் 2001 முதல் உண்டு. மக்கள் வாக்கெடுப்பிலேயே ஒருபால் திருமணத்தை ஏற்ற மாநிலங்களில் அதுவும் ஒன்று, 2012-இல். எல்லாம் சரி. ஆனால் பேட்டையின் அடையாளமாக இருந்த ஹிப்போ என்ற பெரிய கிளப் 2015-இல் மூடி, அந்தக் கட்டடம் மருந்துக்கடையாகிவிட்டது. ராத்திரி 11 மணிக்கு நாங்கள் நடந்தபோது அந்த மருந்துக்கடை வெளிச்சம்தான் துணை. ரயில் தடங்கள் குறைவு, பஸ் வரும் நேரத்துக்கு வரவில்லை. இரண்டு நாளில் மூன்று தடவை டாக்ஸி பிடித்தோம். கார் இல்லாத வாழ்க்கை என்பது அடுத்தவர் காரில் வாழ்வதல்ல.

அந்த 11 மணி நடை பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வோர் ஊரிலும் இதைச் செய்தோம். எட்டுக் கிலோ மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி 11 மணி வண்டியில் வந்து இறங்கி, பார்த்துவைத்த வீடு வரை நடப்பது. எத்தனை நிமிடம், எத்தனை கடை திறந்திருக்கிறது, எத்தனை ஜன்னலில் வெளிச்சம், எங்கே பையைக் கீழே வைக்கத் தோன்றுகிறது. நடந்தே வாழ எவ்வளவு வசதி என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் வாக் ஸ்கோர் இணையதளம் 90-க்கு மேல் காட்டிய இரண்டு இடங்கள் இந்தப் பரீட்சையில் தேறவில்லை. பக்கத்தில் கடை இருக்கிறதா என்று அதற்குத் தெரியும்; அந்தக் கடை ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும் என்று தெரியாது.

சிகாகோ: ஒரே ரயில் தடம், மூன்று பேட்டைகள்

சிகாகோ ரெட் லைன் ரயிலும் 24 மணி நேரம் ஓடும். நகரத்தின் வடக்கே, ஏரியை ஒட்டி, அதன் ஸ்டேஷன்களை மணி கோத்தது போலக் கோத்துப் பார்த்தால் கே வாழ்க்கையின் மூன்று பருவங்கள் வரிசையாகத் தெரியும்.

முதலில் பெல்மான்ட். இறங்கிச் சற்று நடந்தால் ஹால்ஸ்டெட் தெரு, பாய்ஸ்டவுன் என்று பல காலம் அழைக்கப்பட்டு 2020 முதல் வணிகர்கள் நார்த்ஹால்ஸ்டெட் என்று சொல்லும் பேட்டை. நகராட்சியே 1990-களின் கடைசியில் வானவில் வளையம் போட்ட தூண்களை நட்டு ஊரறியச் செய்த இடம். 2007 முதல் இயங்கும் சென்டர் ஆன் ஹால்ஸ்டெட் என்ற சமூக மையம், முதியவர்களுக்கென்று பழைய காவல் நிலையத்தை ஒட்டி எழுப்பிய குடியிருப்பு, பார்கள், கிளப்புகள். 25 வயதில் வந்திருந்தால் இங்கே ஓர் அறைக்காக எதையும் விற்றிருப்பேன். இப்போது பார்த்த வீடுகள் 1,900-த்திலிருந்து ஆரம்பித்தன. அடுத்த ஸ்டேஷன் ஆடிசனில் ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானம். ஆட்டம் முடியும் நேரத்தில் ரயிலில் ஏறுவது திருவிழாக் கூட்டத்தில் தேர் வடம் பிடிப்பது மாதிரி, பக்திக்குப் பதிலாக பீர் வாடை.

அடுத்து பெர்வின் ஸ்டேஷன், மேற்கே பத்து நிமிட நடையில் ஆண்டர்சன்வில். ஸ்வீடன்காரர்கள் குடியேறிய பேட்டை, பின்னால் லெஸ்பியன் பெண்கள் வந்து வேரூன்றினார்கள். 1979-இல் தொடங்கி 1990-இல் இங்கே குடிவந்த விமன் அண்ட் சில்ட்ரன் ஃபர்ஸ்ட் என்ற பெண்ணியப் புத்தகக் கடை இன்னும் கிளார்க் தெருவில் இருக்கிறது. நாய், குழந்தை வண்டி, பேக்கரி. ஜோடிகளில் பாதி எங்களைப் போன்றவை, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கிழக்கே ஏரிப் பக்கம் நடந்தால் ஹாலிவுட் பீச், கோடையில் கே மக்களின் கடற்கரை. ஏரிதான், ஆனால் கரையில் நின்றால் மறுகரை தெரியாது. வாடகை 1,500 முதல் 1,700. கொஞ்சம் நீட்டினால் கைக்கு எட்டும். நீட்டிய கையோடு வருடக்கணக்கில் நிற்க முடியாது என்பதால் விட்டோம், வருத்தத்தோடுதான்.

அங்கிருந்து ஐந்து ஸ்டேஷன் வடக்கே மோர்ஸ், ரோஜர்ஸ் பார்க் பேட்டை. பெல்மான்ட்டிலிருந்து எண்ணினால் 11. இங்கே வானவில் தூண் கிடையாது. ஸ்டேஷன் வாசலில் மெக்சிகோ பேக்கரி, எத்தியோப்பிய உணவுக்கடை, லயோலா பல்கலைக்கழக மாணவர்கள், சுவாஹிலியா அம்ஹாரிக்கா என்று தெரியாத ஒரு பேச்சு. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதால் நாங்களும் இன்னும் இருவர், அவ்வளவுதான். கே அடையாளம் இல்லாத பேட்டை என்றும் சொல்லிவிட முடியாது. 1924-இலேயே சிகாகோவில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கு ஒரு சங்கம் தொடங்கிய ஹென்றி கெர்பரின் பெயரையும் வழக்கறிஞர் பேர்ல் ஹார்ட்டின் பெயரையும் தாங்கிய கெர்பர்/ஹார்ட் ஆவணக் காப்பகம் இங்கேதான் இருக்கிறது. 1974-இல் தொடங்கிய ஹோவர்ட் பிரவுன் மருத்துவ மையத்துக்கு வடசிகாகோவில் கிளைகள் உண்டு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரைக்காக மருத்துவரிடம் பாடம் நடத்த வேண்டியதில்லை. டெக்சாஸில் நான் நடத்தியிருக்கிறேன்.

சட்டம்? தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்த முதல் மாநிலம் இல்லினாய்ஸ், 1961-இல் சட்டம் இயற்றி 1962-இல் நடைமுறைக்கு வந்தது. வேலையிலும் வீட்டிலும் பாகுபாடு காட்டத் தடை, பாலின அடையாளமும் சேர்த்து, 2006 முதல்.

அப்புறம் டெவன் அவென்யூ. மோர்ஸ் ஸ்டேஷன் பக்கம் 155-ஆம் எண் பஸ் ஏறினால் நேராகப் போய் இறக்கிவிடும். தோசை மாவு, நல்லெண்ணெய், பச்சை மொச்சை, எல்லாம் உண்டு. பஸ்ஸில் இருபது நிமிடத் தூரம் என்பதுதான் விசேஷம். ஆன்ட்டி கண்ணில் படாமல் மொச்சை வாங்கி வர முடியும். இது கோழைத்தனம் என்று அவன் சொல்கிறான். இருக்கட்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரயிலில் சிலர் சிகரெட் பிடிக்கிறார்கள், ராத்திரியில் பெட்டி மாறி உட்கார வேண்டி வருகிறது. மோர்ஸிலிருந்து நடு ஊருக்கு 40 நிமிடம். சில தெருக்களில் கடைசி வீடு வரை உயிரோட்டம், சில தெருக்களில் ஒன்பது மணிக்கே அமைதி. அதனால் ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடைக்கு மேல் எந்த வீட்டையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். குளிர் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜனவரியில் போய்த்தான் பார்த்தோம், வேண்டுமென்றே. நடைபாதைப் பனியை வாரும் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்று நகராட்சி விதி இருக்கிறது. எந்தக் கட்டடத்தின் முன் உப்புத் தூவி வாரியிருக்கிறது, எது பளிங்காகக் கிடக்கிறது என்று பார்த்தாலே வீட்டுக்காரரின் குணம் தெரிந்துவிடுகிறது. பனி வாரிய பார்க்கிங் இடத்தில் பழைய நாற்காலியைப் போட்டு இடம் பிடிக்கும் சிகாகோ வழக்கத்தைத் தெருத் தெருவாகப் பார்த்தோம். அந்தச் சண்டையில் எங்களுக்கு இனி பங்கில்லை என்று நினைத்தபோது முதல் தடவையாகக் காரை விற்பது சந்தோஷமாக இருந்தது.

குளிரைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் விளம்பரத்தில் ஒரு வரியைத் தேட வேண்டும்: ஹீட்டிங் வாடகையில் சேர்த்தி. பழைய செங்கல் கட்டடங்களில் நீராவி ரேடியேட்டர் இருக்கும், மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே பாய்லர், செலவு வீட்டுக்காரருடையது. செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் சூடு கொடுக்க வேண்டும் என்பதும் நகர விதி. தனி ஹீட்டர் வைத்த புதுப்பித்த வீடு 1,300-க்கு வந்தது. அதைவிட ரேடியேட்டர் வைத்த 1,395 டாலர் வீடுதான் லாபம். அட்வான்ஸுக்குப் பதிலாகத் திருப்பித் தராத குடிபுகும் கட்டணம் வாங்குவது இங்கே பழக்கமாகிவிட்டது, அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த 1,395 டாலர் வீட்டைக் காட்டியவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், கையில் சாவிக்கொத்து, காலில் உப்பு படிந்த பூட்ஸ். பெட்ரூமுக்குள் கூட்டிப்போய் ரேடியேட்டரைத் தட்டிக் காட்டினார். "ராத்திரி இது டங் டங்கென்று அடிக்கும். உங்கள் இருவரில் யாருக்குத் தூக்கம் கெடும்?" என்று கேட்டார். எனக்கு என்றேன். "அப்படியென்றால் நீங்கள் கதவுப் பக்கம் படுத்துக்கொள்ளுங்கள், அவர் ஜன்னல் பக்கம்" என்று சொல்லிவிட்டு சமையலறை சிங்க்கைக் காட்டப் போய்விட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, ஸ்டேஷனிலிருந்து பையோடு ஆறு நிமிடம். லீஸ் மே 1-இல் தொடங்குகிறது. காருக்கு இதுவரை இரண்டு பேர் விலை கேட்டிருக்கிறார்கள், ஏ.சி. கம்ப்ரசர் புதுசு என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.